வலப்பக்கம்

நாற்பத்திரண்டு மீட்டர் உயரத்தில்,
கண்ணாடித் தரை போட்ட கூண்டுக்குள்
பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
காலுக்கடியில் கப்பல்,
கப்பலுக்கடியில் பால்டிக் கடல்.
ஒருநாளும் தலை சுற்றியதில்லை.

சுற்றியது தலையணையில்.

பிப்ரவரி. விடியாத ஐந்து மணி.
அலாரத்தை அணைக்க வலப்பக்கம் புரண்டேன்.
அலமாரி கிளம்பியது.
ஜன்னல் அதைத் துரத்தியது.
மெத்தையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தேன்,
மெத்தையும் சேர்ந்து வந்தது.
அரை நிமிடம் இருக்கும்.
பிறகு எல்லாம் அதனதன் இடத்தில்
ஒன்றும் அறியாததுபோல நின்றன.
வாளியில் மட்டும் நேற்றைய பீட்ரூட் சூப்.

தூக்குவது என் தொழில்.
தூக்கம் என் காலை வாரிவிட்டது.

கழுத்தெலும்பு என்றான் காஜிமியெஷ்,
கீழே நின்று வயர்லெஸில் எனக்குக் கண்ணாக இருப்பவன்.
ரத்த அழுத்தம் என்றாள் மருந்துக்கடைக்காரி.
அக்கா போனில், "இந்த வயசில் அப்படித்தான்" என்றாள்,
பிறகு குரலைத் தாழ்த்தி
"மூளையில் ஏதாவது..." என்று
முடிக்காமல் விட்டாள்.
அந்த முடியாத வாக்கியத்தோடு
பதினொரு இரவு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன்.
அட்டவணையில் என் பெயர்மேல் கோடு விழுந்தது.
கீழிருந்து பார்த்தேன்,
என் பளுதூக்கி வேறொருவனுக்குக் குனிந்து நிமிர்ந்தது.

டாக்டர் அபோலோனியா வில்க்குக்கு என் மகள் வயது.
எப்போது, எவ்வளவு நேரம்,
காது மந்தமா, நாக்கு குழறியதா, கை மரத்ததா என்று
வரிசையாகக் கேட்டாள்.
கட்டிலில் உட்காரவைத்து
தலையை வலப்பக்கம் பாதி திருப்பி
"கண்ணை மூடக்கூடாது, என் மூக்கைப் பாருங்கள்" என்றவள்
சட்டென்று மல்லாத்திவிட்டாள்,
தலை விளிம்பில் தொங்க.
ஒன்று. இரண்டு. மூன்று.
ஒன்றுமில்லையே என்று வாயெடுத்தேன்,
அறை கழன்றது.
அவள் மூக்கு ஓடி ஓடித் திரும்பி வந்தது.
"பிடித்துவிட்டேன், கண் துடிக்கிறது" என்றாள்,
தூண்டிலில் மீன் சிக்கியவள்போல.
எனக்குக் கோபம் வந்தது.

காதுக்குள் ஒரு பையாம்.
அதில் பசைமேல் பதிந்த பொடிக்கற்கள்,
முட்டையோட்டின் அதே சுண்ணாம்பு.
குனிந்தோமா, சாய்ந்தோமா என்று
கனத்தால் சொல்பவை.
சில உதிர்ந்து பக்கத்து வளைகுழாய்க்குள் விழுந்துவிட்டன.
தலை நின்ற பிறகும் அவை உருள்கின்றன.
சுற்றுகிறோம், சுற்றுகிறோம் என்று
குழாய் மூளைக்குத் தந்தியடிக்க
கண் அதை நம்பிவிடுகிறது.

ஏன் உதிர்ந்தன?
"வயசு. தலையில் பட்ட அடி. எலும்பு மெலிவு.
பல பேருக்குக் காரணமே தெரியாது."
நவம்பரில் கூண்டுக் கதவில் நெற்றி இடித்ததைச் சொன்னேன்.
"இருக்கலாம்" என்றாள்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு வேறு வழியில் விளங்கியது.
கோதுமைக் கப்பல் ஒன்று ஒருமுறை
ஒருக்களித்தபடியே துறைமுகத்துக்குள் வந்தது.
ஓட்டையில்லை, இயந்திரம் நலம்.
புயலில் தானியம் ஒரு பக்கம் சரிந்திருந்தது.

மாத்திரை?
"கல்லை மாத்திரை எப்படி நகர்த்தும்?"
மறுபடி மல்லாந்து, வலம் பார்த்து,
சுழற்சி அடங்கும்வரை கிடந்தேன்.
அவள் கைகள் தலையை மெதுவாக இடம் திருப்பின.
அரை நிமிடம்.
பிறகு உடம்போடு இடப்பக்கம் புரண்டு,
மூக்கு தரையைப் பார்க்க,
எச்சில் தாளில் ஒழுக.
பதினேழு வருடம் நான் பெட்டிகளுக்குச் செய்ததை
யாரோ எனக்குச் செய்கிறார்கள் என்று நினைத்து
சிரித்துவிட்டேன்.
"அசையாதீர்கள்."

அன்றிரவு வலப்பக்கம் படுக்க
ஒரு மணி நேரம் ஆனது எனக்கு.
அலமாரி நின்றது. ஜன்னல் நின்றது.
வெளியே தெருவிளக்கின் கீழ் பனி மட்டும் அசைந்தது,
அது அசைய வேண்டியதுதான்.

திரும்ப வரலாம் என்றிருக்கிறாள்.
வரட்டும், வழி தெரியும்.
ஏப்ரலில் கூண்டுக்கு ஏறினேன்.
"கிராழினா, தலை எப்படி?" என்று வயர்லெஸ் கரகரத்தது.
"சரக்கு உள்ளேதான் இருக்கிறது, நீ வழியைச் சொல்" என்றேன்.

அலாரத்தை மட்டும்
இடப்பக்கம் மாற்றி வைத்திருக்கிறேன்.